வட்டவிதானையின் அரை மணித்தியாலம்

கச்சிமுகம்மதுவை நான் முதன்முதல் கண்டது 2010ஆம் ஆண்டு, சிறுபோக நெல் விதைப்புக்கு நாள் குறிக்கும் ஆரம்பக் கூட்டத்தில். விவசாய அலுவலகத்தில் பட்டதாரிப் பயிலுனராக நியமனம் கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வளவிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான் என்ற நிமிர்வு கழுத்தைவிட்டு இன்னும் இறங்கவில்லை. வந்தவர்களின் பெயரைப் பதிந்து ஒப்பம் வாங்குவது என் வேலை. மேசைக்கு வந்த அந்த மனிதர், வரம்பு கட்டுவதுபோல எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதி முடித்தார். இடது கையில் இரண்டு மணிக்கூடு கட்டியிருந்தார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின.

"ரெண்டும் ஒரே நேரம்தானே காட்டுது. பிறகு என்னத்துக்கு ரெண்டு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். பின்னால் நின்ற பாண்டிருப்பு ஊர் விவசாயி நல்லரெத்தினம்தான் வாயைத் திறந்தார். "தம்பி படிச்ச ஆள்போல கிடக்கு. இவர்ர மணிக்கூட்டைப் பத்திக் கேட்டா இண்டைக்குக் கூட்டம் முடியாது. பின்னேரம் வீட்ட போங்க. மனிசிதான் சரியாச் சொல்லுவா."

போனேன். மனைவி சுபைறா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்ன கதை இது.

அந்த மணிக்கூட்டோடு சுபைறாவுக்கு ஒன்பது வருட வழக்கு இருந்தது. தொண்ணூற்றாறில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. கூட்டிக் குறைத்துக் கடைசியில் அரை மணித்தியாலம் முன்னுக்கு நின்றது. ஊரெல்லாம் மணிக்கூட்டைத் திருப்பிக்கொண்டது. கச்சிமுகம்மது மட்டும் திருப்பவில்லை. அவர் நற்பிட்டிமுனைக்கு மேற்கே ஒரு வயற்கண்டத்துக்கு வட்டவிதானை. வாய்க்கால் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது, எப்போது மறிப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அந்தக் கண்டத்தின் தண்ணி முறை, அவருடைய வாப்பா வட்டவிதானையாக இருந்த காலத்தில் எழுதி வைத்தது. விடிய நாலு மணிக்கு இன்னாருக்கு, எட்டு மணிக்கு இன்னாருக்கு என்று நிரல் போட்டது. அதில் கை வைத்தால் கண்டம் முழுக்கச் சண்டை வரும்.

"அரசாங்கம் மணிக்கூட்டைத் தள்ளும். தண்ணியத் தள்ளேலுமா?" என்பார்.

வயலுக்கு வந்துபோகும் எல்லோரும், முஸ்லிமென்ன தமிழரென்ன, அந்தக் கண்டத்துக்குள் கால் வைத்தால் பழைய நேரத்துக்கு மாறிவிடுவார்கள். அது அவர்களுக்குப் பழகிவிட்டது. பழகாதது சுபைறாவுக்குத்தான். பஸ் புதிய நேரத்தில் வரும், புருசன் பழைய நேரத்தில் வருவார். கலியாண வீட்டில் எல்லோரும் சேர்ந்துண்ணும் சகன் சாப்பாடு முடிந்த பிறகு போய் நிற்பார்கள். தொழுகை மட்டும் சூரியனோடு போவதால் தப்பியது.

பிறகு 2004 மார்கழியில் கடல் வந்தது. கல்முனைக்குடியில் இருந்த வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது. சுபைறா அன்று இறக்காமத்தில் மகள் கமீலா வீட்டில் இருந்தார். கச்சிமுகம்மது வயலில் இருந்தார். அந்தக் குடும்பத்தில் அலை விட்டு வைத்தது அவர் இடுப்பில் இருந்த சாறனும் கையில் இருந்த மணிக்கூடும்தான். ஆறு மாதமாகத் தகரக் கொட்டிலில் இருந்தார்கள்.

2005 ஆடி மாதத்தில் வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் பதிந்தார்கள். காலை எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை என்று அறிவித்திருந்தார்கள். கச்சிமுகம்மது தன் மணிக்கூட்டில் ஒன்பதுக்கே போய் நின்றார். அப்போது மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். பிந்தி வந்தவர்களுக்கு இனி அடுத்த நிரலில்தான் இடம். அடுத்த நிரல் எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

அதற்கு அடுத்த கிழமை, ஒரு புதன்கிழமை. அவர் வயலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். சுபைறா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே தொடங்கினார்.

"தண்ணி துறக்கிறதுக்கு ஒரு நிமிசம் பிந்த மாட்டீங்க. வீடு பதியத்தான் பிந்துவீங்க."

"நான் பிந்தல்ல புள்ள. அவங்க முந்திட்டாங்க."

"ஓம், நாடு முழுக்க முந்திட்டு. நீங்க ஒராள்தான் சரி. அந்தக் கோதாரி மணிக்கூட்டைக் கழட்டி எறிங்க. கடலுக்குத்தான் அதைக் கொண்டுபோகத் தெரியல்ல."

கச்சிமுகம்மதுவுக்கு முகம் கறுத்தது. தேத்தண்ணியைத் தொடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "வந்து கதைப்பம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு வயலில் நடந்தது நல்லரெத்தினம் சொல்லித்தான் சுபைறாவுக்குத் தெரியும். அன்று எட்டு மணி முறை நல்லரெத்தினத்துக்கு. அவர் முந்தியே வந்து வக்கடைக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றார். வக்கடை என்பது வாய்க்காலில் இருந்து வயலுக்குள் தண்ணீர் இறங்க வரம்பில் வெட்டும் வாய்.

கச்சிமுகம்மது கையைத் தூக்கி மணிக்கூட்டைக் காட்டினார். "எட்டுக்கு இன்னும் ஒரு நிமிசம் கிடக்கு. அதுக்குள்ள வரம்புல மண்வெட்டி வெச்சியெண்டா கைய முறிப்பன்."

"ஒரு நிமிசத்துல என்ன, கடலா வந்திரப்போகுது மச்சான்?"

"கடல் வாறதுக்கு ஒரு நிமிசம் காணும். நில்லு."

நிமிசம் முடிந்தது. வட்டவிதானையே குனிந்து மண்ணை விலக்கிவிட்டார். மனிசிக்காரியோடு கோபம்போல என்று நல்லரெத்தினம் நினைத்துக்கொண்டு, தண்ணீரோடு சேர்ந்து வயலின் மறுதலைப்புக்கு நடந்தார். மூலை வரம்பில் நண்டு துளைத்த ஓட்டை ஒன்று இருந்தது. அதை அடைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது கச்சிமுகம்மது வாய்க்கால் கட்டில் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை சேற்றுக்குள் கிடந்தது, அதை எடுக்க அவரால் முடியவில்லை. கூப்பிட்டதற்கு "ஆ… ஆ…" என்றார்.

பக்கத்து வயல்காரர்கள் ஓடி வந்தார்கள். பாரிசவாதம், நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியிடம் கொண்டுபோய் எண்ணெய் போடுவோம் என்றார் ஒருவர். நல்லரெத்தினத்துக்குப் பள்ளிவாசல் லவுட்ஸ்பீக்கரில் மூன்று கிழமையாகச் சொன்னது காதுக்குள் கிடந்தது. கடற்கரைப் பள்ளிக்கூட மைதானத்தில் வெளிநாட்டுக்காரர்கள் கூடாரம் போட்டு ஒரு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். தலைக்குள் படம் பிடிக்கிற மெசின் ஒரு லொறிக்குள் இருந்தது. வாய் கோணினால், கை விழுந்தால், கதை குழறினால் வேறெங்கும் போய் மினக்கெடாமல் நேரே வாங்க என்று அறிவித்திருந்தார்கள்.

"எண்ணெய் பிறகு போடலாம். பிடிங்க காலில" என்றார் நல்லரெத்தினம். லேண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி ஏற்றினார்கள். வக்கடையை மறிக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

சுபைறாவின் கொட்டில் அந்த மைதானத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆள் வந்து சொன்னதும் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு ஓடினார். கூடாரத்துக்குள் கட்டிலில் கிடந்த மனிதரைப் பார்த்தபோது, அது தன் புருசன்தானா என்று ஒரு கணம் ஐமிச்சம் வந்தது. முகத்தின் பாதி அவருடையது, பாதி வேறு யாருடையதோ.

"இஞ்சாருங்க" என்றார். கச்சிமுகம்மது கண்ணால் அவரைத் தேடிப் பிடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வந்தது சத்தம்தான், சொல்லில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. வந்து கதைப்பம் என்று போன மனிதர் வந்துவிட்டார், கதைதான் வரவில்லை.

படம் பிடித்துக் கொண்டுவந்தார்கள். டொக்டர் றுமைஸ் ஒரு கணினியை உருட்டிக்கொண்டு வந்து கட்டிலின் தலைமாட்டில் நிறுத்தினார். கல்முனை டவுனில் பிறந்து வளர்ந்த இளம் டொக்டர் அவர். கணினியின் மேல் ஒரு சின்னக் கமரா இருந்தது. வெளியே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரிய வெள்ளைத் தட்டு நின்றது. அது வழியாகக் கொழும்பு தெரிந்தது. கண்ணாடி போட்ட, மயிர் நரைத்த ஒரு அம்மா திரைக்குள் இருந்தார். நரம்பு டொக்டர் என்றார்கள். குரல் முதலில் வந்தது, வாய் பிறகு அசைந்தது.

"ஐயா, ரெண்டு கையும் தூக்குங்க" என்றார் அந்த அம்மா. சிங்களம் கலந்த தமிழ். இடது கை எழும்பியது. வலது கை எழும்பவில்லை. "சிரிங்க." பாதி சிரித்தது. றுமைஸ் ஒரு பேனையைக் காட்டினார். "இது என்ன வாப்பா?" கச்சிமுகம்மது பேனையைப் பார்த்தார். தெரிந்த ஆளின் பெயர் மறந்ததுபோல நெற்றியைச் சுருக்கினார். "ஆ…" என்றார்.

ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் இருந்த மணிக்கூட்டைத் தாதி கழற்றிச் சுபைறாவின் உள்ளங்கையில் வைத்தார். சேறு ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கவே சுபைறாவுக்குப் பிடிக்கவில்லை. முந்தானைக்குள் பொத்திக்கொண்டு திரைச்சீலைக்கு வெளியே வந்தார். அங்கே நல்லரெத்தினம் சேற்றுக் காலோடு நின்றார்.

"மதினி, பயப்படாதீங்க. காலமைகூட என்னோட நல்லாச் சண்டை பிடிச்ச மனிசன்."

றுமைஸ் வெளியே தலையை நீட்டினார். "கடைசியா இவரை நல்லாக் கண்டது ஆரு?"

"நான்தான் டொக்டர்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டுக்கு. சரியா எட்டு."

"கதை தெளிவா இருந்திச்சா? குழறல்ல?"

"குழறவா? என்ட கைய முறிப்பனெண்டார். அவ்வளவு தெளிவு."

டொக்டர் உள்ளே போனார். இங்கிலிசில் கதை நடந்தது. திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. சுபைறாவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, தானும் குந்திக்கொண்டார்.

"உம்மா, தலைக்குள்ள இரத்தம் ஒழுகல்ல. அது நல்லது. ஒரு கட்டிதான் அடைச்சிரிக்கி. அதைக் கரைக்கிற மருந்து எங்களிட்ட கிடக்கு. ஆனா வருத்தம் தொடங்கி மூணு மணித்தியாலத்துக்குள்ள ஏத்தோணும். பிந்தினா அந்த மருந்தே தலைக்குள்ள இரத்தத்தைக் கசிய வெச்சிரும், உசிருக்கே மோசம். வருத்தம் தொடங்கினதை ஒருத்தரும் காணல்ல, அதனால கடைசியா நல்லாக் கண்ட நேரத்தில இருந்துதான் கணக்கு. எட்டு மணிக்கு நல்லா இரிந்தவர். இப்ப பதினொண்டு." கூடாரக் கம்பத்தில் தொங்கிய மணிக்கூட்டைக் காட்டினார். பதினொன்றுக்கு இரண்டு நிமிசம் இருந்தது. "கொழும்பு டொக்டர் இனி ஏலாது எண்டுறா. பிந்திட்டு உம்மா."

பிந்திட்டு. போன கிழமையும் மேசையை மடித்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள். சுபைறா முந்தானையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தார். எறியத்தான் பார்த்தார். சேற்றைப் பெருவிரலால் துடைத்தபோது முள்ளு தெரிந்தது. பத்தரைக்கு இரண்டு நிமிசம்.

கம்பத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"நல்லரெத்தினம்" என்றார். "எட்டெண்டு எப்பிடிச் சொன்னீங்க? ஒங்கட கையில மணிக்கூடு இல்லியே."

"அவர்தான் காட்டினார் மதினி. எட்டுக்கு ஒரு நிமிசம் கிடக்கெண்டு மூஞ்சிக்கு நேர பிடிச்சவர்."

"இதைத்தானே?"

நல்லரெத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்தார். "அட, தண்ணி நேரம். நான் தண்ணி நேரமெல்லோ சொல்லிப்போட்டன்."

டொக்டர் றுமைஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வயல் வரம்பில் கால் வைக்காத மனிதர். சுபைறா அதுவரை வெளி ஆம்பிளையோடு நிமிர்ந்து கதைத்ததில்லை. அன்று எழும்பி நின்றார்.

"டொக்டர் மகன், இது பழைய நேரம். இவர் அரசாங்க நேரத்துக்கு மாத்தல்ல. கண்டத்துல எல்லாரும் இந்த நேரம்தான். இவர்ர எட்டு ஒங்கட எட்டரை. இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு."

றுமைஸ் மணிக்கூட்டை வாங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். சுபைறாவும் பின்னாலேயே போனார், தடுக்க ஒருவரும் இல்லை. டொக்டர் மணிக்கூட்டைக் கமராவுக்கு நேரே பிடித்துக்கொண்டு இங்கிலிசில் விளங்கப்படுத்தினார். திரைக்குள் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படம் ஒருதரம் உறைந்தது. அந்த உறைந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுபைறா சலவாத்து ஓதினார். படம் மீண்டும் அசைந்தது.

"பழைய நேரம்" என்றார் அந்த அம்மா, தமிழில். "என்ட அம்மாட ஊர் புத்த பன்சலையில இன்னும் அதுதான். பிக்கு ஹாமுதுருமாருக்குப் பகல் சாப்பாட்டுத் தானம் பழைய நேரம். நான் ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம் முந்திப் போய் நிக்கிறது." பிறகு குரல் இறுகியது. "இந்த மணிக்கூடு ஓட்டத்தில பிந்தல்லையா? சரியாத்தான் ஓடுதா?"

"தண்ணி முறைக்கு ஓடுற மணிக்கூடு நோனா" என்றார் நல்லரெத்தினம், வாசலில் நின்றபடி. "ஒரு நிமிசம் பிசகினா எங்கட ஆக்கள் வெட்டுக் குத்துக்கு வந்திருவாங்க. ஒவ்வொரு காலமையும் வானொலிச் செய்திக்கு அரை மணித்தியாலம் கழிச்சு வெச்சுச் சரிபார்த்துத்தான் வருவார்."

அந்த அம்மா நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "அப்ப பதினொண்டரை வரைக்கும் நேரம். நூத்துல ஆறு பேருக்கு இரத்தம் கசியலாம். மனைவி சம்மதமா?"

"இவர் திரும்பக் கதைப்பாரா?" என்று சுபைறா கேட்டார்.

"உறுதி சொல்ல ஏலாது அம்மா. போடாட்டி, கதைக்கிறது கஷ்டம்."

"போடுங்க. அல்லாஹ்வுல பாரம்."

மருந்தின் அளவுக்கு நோயாளியின் நிறை தேவைப்பட்டது. படுத்த மனிதரை நிறுக்க அங்கே தராசு இல்லை. மறுபடியும் நல்லரெத்தினம் வாசலில் இருந்து சொன்னார். "அவரைத் தூக்கி ஏத்தினது நான். நெல்லு மூடைக்குக் கொஞ்சம் குறைவு. அறுபத்திரண்டு கிலோ வரும்." முப்பது வருடம் மூடை தூக்கிய தோள் சொன்னதைக் கொழும்பு ஏற்றுக்கொண்டது. பதினொன்றேகாலுக்கு மருந்து குழாய்க்குள் இறங்கத் தொடங்கியது. கொழும்பு அம்மா திரையை விட்டுப் போகவில்லை. பத்து நிமிசத்துக்கு ஒருதரம் "கையைத் தூக்குங்க ஐயா" என்றார்.

கையை எட்டு முறை கேட்டார், எட்டு முறையும் அது கிடந்த இடத்தில் கிடந்தது. ஒன்பதாம் முறை, நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு, வலது கையின் சுண்டு விரல் சீலையைச் சுரண்டியது. முதலில் கண்டது சுபைறாதான். சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம். பிறகு மணிக்கட்டு அசைந்தது. பிறகு முழங்கை. கோணிய வாய் நேராகும்போது அவர் பழைய முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. இரண்டு மணி அளவில் கச்சிமுகம்மது நாக்கைப் புரட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினார்.

"ம…ணி… என்ன?"

சுபைறாவுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. "எந்த மணி வேணும்? ஒங்கடதா, அரசாங்கத்துடையதா?"

"நம்மட."

"ஒண்டரை."

கச்சிமுகம்மது கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தார். பன்னிரண்டுக்கு முறை மாறியிருக்க வேண்டும். நல்லரெத்தினத்தைத் தேடி, "வக்கடை?" என்றார்.

"துறந்துதான் கிடக்கு" என்றார் நல்லரெத்தினம். "என்ட வயல் இப்ப குளமாகியிரிக்கும். ஒண்டரை மணித்தியாலம் கூடுதலாத் தண்ணி எடுத்துட்டன் மச்சான். எழும்பி வந்து கைய முறி."

கட்டிலில் கிடந்தவர் வலது கையைத்தான் ஓங்கினார். பாதி தூரம் போய்த் தொப்பென்று விழுந்தது. திரைக்குள் அந்த அம்மா கைதட்டியது, சத்தம் முதலிலும் கை பிறகுமாக வந்து சேர்ந்தது.

பத்தாம் நாள் நடந்து கொட்டிலுக்கு வந்தார். வந்த அன்றே, "அண்டைக்குக் கதைப்பம் எண்டு போனன்" என்று தொடங்கினார். சுபைறா விடவில்லை. "இனி என்னத்தைக் கதைக்கிறது? மணிக்கூட்டைக் கட்டுங்க" என்று தானே கட்டிவிட்டார். அதற்குப் பக்கத்தில் கல்முனைச் சந்தையில் வாங்கிய இன்னொன்றையும் கட்டினார், அரசாங்க நேரத்துக்கு. அடுத்த வீட்டு நிரலுக்கு அந்த இரண்டாவது மணிக்கூட்டைப் பார்த்துத்தான் போனார்கள். முதல் ஆளாகப் போய்க் கதவு திறக்கும்வரை காத்து நின்றார்கள்.

எட்டு மாதம் கழித்து, இரண்டாயிரத்தாறு சித்திரையில் அரசாங்கம் நாட்டின் நேரத்தைப் பழையபடி பின்னுக்கு வைத்தது. செய்தியை வானொலியில் கேட்டுவிட்டுக் கச்சிமுகம்மது வாசலில் வந்து நின்று, "கண்டியா புள்ள, நான் பிந்தல்ல எண்டு சொன்னன்தானே" என்றார். இரண்டாவது மணிக்கூட்டைத் திருப்பி வைத்தார். கழற்றவில்லை. சுபைறா கட்டிவிட்டது, கழற்றுவதானால் சுபைறாதான் கழற்ற வேண்டும் என்கிறார்.

கூடார ஆஸ்பத்திரி அந்த வருடமே மடித்துக்கொண்டு போய்விட்டது. யுத்தம் முடிந்து சோதனைச் சாவடிகளும் ஒவ்வொன்றாக அகற்றப்படுகின்றன. கச்சிமுகம்மதுவுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. களைத்தால் சொல் கொஞ்சம் இழுபடும், சேட்டுப் பொத்தானை மனைவிதான் பூட்டிவிட வேண்டும். இரண்டு பேரும் நற்பிட்டிமுனை வீட்டுத்திட்டத்தில், இரண்டறை வீடொன்றில் இருக்கிறார்கள். இந்தச் சிறுபோகத்துக்கும் அந்தக் கண்டத்துக்கு வட்டவிதானை அவர்தான்.